கையில் பிடித்தால் ‘டூம்ம்’, ஸ்டாண்டில் மாட்டினால் ‘பொத்’: டிரம் கிட் ஹார்ட்வேரில் கைவைக்கும் முன்

டிரம் கிட்டில் உள்ள டாம் என்ற உருளை டிரம்மைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்து ஓர் அடி அடித்தால் ‘டூம்ம்’ என்று நீண்டு ஒலிக்கிறது. அதையே ஸ்டாண்டில் மாட்டி அடித்தால் ‘பொத்’ என்று நின்றுவிடுகிறது. ஹெட் (அடிபடும் தோல்) அதே, ட்யூனிங் அதே, குச்சியும் அதே. மாறியது இரும்புச் சாமான் மட்டும்தான். ஹார்ட்வேரை மாற்ற நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன்னால், ஸ்பானரை எடுப்பதற்கும் முன்னால், இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் மேல் வளையமான ஹூப்பின் ஓரத்தை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து டாமைத் தொங்க விடுங்கள். ஷெல் (டாமின் உடல்) தொடையிலோ வயிற்றிலோ படக் கூடாது. ஹெட்டின் நடுவில் ஓர் அடி. ஒலி முழுக்க அடங்கும்வரை ஒரே சீராக எண்ணுங்கள். பிறகு மவுண்டில் (டாமைத் தாங்கும் பிடி) மாட்டி அதே இடத்தில், அதே வேகத்தில் இன்னோர் அடி. ஒரு மீட்டர் தள்ளி போனை வைத்து இரண்டையும் பதிவு செய்துகொண்டால் காது ஏமாறாது. கார்வை (ஒலி நீடிக்கும் நேரம்) பாதியாகக் குறைந்தால் மவுண்ட் சரியில்லை. இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீண்டால் மவுண்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். குறை ஹெட்டிலோ, ட்யூனிங்கிலோ, ஹெட் உட்காரும் ஷெல் விளிம்பிலோ இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? அடித்ததும் மேல் ஹெட், உள்ளே இருக்கும் காற்று, கீழ் ஹெட் மூன்றும் சேர்ந்து அசைகின்றன. ஷெல்லும் கூடவே அசைகிறது. ஷெல்லை ஒரு கனமான பிராக்கெட்டில் நாலு போல்ட் போட்டு இறுக்கி, அந்த பிராக்கெட்டை நீண்ட குழாயில் செருகி, குழாயை ஸ்டாண்டில் மாட்டினால் அதிர்வுக்கு வெளியேற ஒரு வழி கிடைத்துவிடுகிறது. ஸ்டாண்ட் அதை வாங்கி விழுங்கிவிடும். முதலில் போவது அடிச்சுருதி. மேலே உள்ள ‘டக்’ அப்படியே இருக்கும், கீழே உள்ள கனம் காணாமல் போகும். அதனால்தான் இந்தக் குறையைப் பலரும் ஹெட்டின் தலையில் கட்டி, புது ஹெட் வாங்கி, மறுபடியும் அதே ‘பொத்’தைக் கேட்கிறார்கள்.

இதற்கு வந்த தீர்வுதான் தொங்கு மவுண்ட். ரிம்ஸ் என்ற பெயரில் வந்த வளைந்த தகடு, ஷெல்லைத் தொடாமல், மேல் ஹூப்பை இறுக்கும் திருகுகளான டென்ஷன் ராடுகள் சிலவற்றில் ரப்பர் வளையங்கள் வழியாக டாமைத் தாங்குகிறது. டாமாவின் ஸ்டார்காஸ்ட் இதே குடும்பம். யமஹாவின் யெஸ் மவுண்ட் வேறு வழியில் போகிறது: ஷெல்லிலேயே திருகினாலும், அசைவு குறைவாக உள்ள இடத்தில், தொடும் பரப்பைக் குறைத்துத் திருகுகிறது. இரண்டும் வேலை செய்கின்றன.

தொங்கு மவுண்டைப் பழைய டாமில் பொருத்தும்போது மூன்று விஷயங்கள் சிக்கல் தரும். ஒன்று, லக் (ராட் திருகி ஏறும், ஷெல்லில் உள்ள பிடி) எண்ணிக்கையும் டாமின் விட்டமும் தகட்டோடு பொருந்த வேண்டும். 12 இஞ்சுக்கு 6 லக் என்று வாங்கி வந்து, வீட்டு டாமில் 5 இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டு, தகடும் ரப்பரும் சேர்ந்ததால் ராட் மேலேறி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மரையில் பிடிப்பு குறையும். லக்கின் நட்டுக்குள் ஏழெட்டு மில்லிமீட்டராவது மரை ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ராடுகளுக்கு மட்டும் நீளமானவை வாங்குங்கள். மூன்று, டாமின் முழுப் பாரமும் இப்போது ஹூப்பின் ஒரு பக்கத்தில் விழுகிறது. மெல்லிய ஹூப்பாக இருந்தால் அந்தப் பக்கத்துச் சுருதி சற்று நகரும். ஆகவே மேசைமேல் வைத்து ட்யூன் பண்ணிவிட்டு மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு ஒருமுறை எல்லா ராடுகளுக்குப் பக்கத்திலும் தட்டிச் சரிபாருங்கள்.

பழைய பிராக்கெட்டைக் கழற்றிய துளைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். மரத்தூளும் பசையும் வைத்து அடைக்க அவசரப்பட வேண்டாம். மெல்லிய தகடு போட்டு மூடினால் போதும், நாளைக்கு மனம் மாறினால் பிராக்கெட்டைத் திரும்ப மாட்டலாம். பழைய, மதிப்புள்ள கிட்டாக இருந்தால் புதிதாக ஒரு துளைகூடப் போடாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை. துளை போட்ட ஷெல்லைப் பழையபடி ஆக்க முடியாது.

பணம் செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்னேர் (கீழ் ஹெட்டில் கம்பிகள் உள்ள டிரம்) ஸ்டாண்டில் டாமை உட்கார வையுங்கள். ஸ்டாண்டின் மேல்பகுதியான கூடையின் கைகள் கீழ் ஹூப்பை இறுக்கிப் பிடிக்காமல், டாம் சும்மா உட்கார்ந்திருக்கும் அளவுக்குத் தளர்த்தி விடுங்கள். நிறைய கிட்டுகளுக்கு இதுவே போதும். கூடையை முறுக்கி இறுக்கினால் பழைய ‘பொத்’ திரும்பி வந்துவிடும். ஸ்னேருக்கும் இதே விதிதான். ஸ்னேர் அடைத்தாற்போல் ஒலிக்கிறது என்றால் முதலில் கூடையை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

ஃப்ளோர் டாமில் செலவு இன்னும் குறைவு. அடித்துக்கொண்டே ஒருவரை ஹூப்பைப் பிடித்து அதைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை தூக்கச் சொல்லுங்கள். கால் தரையை விட்ட நொடியில் ஒலி அகலமாகத் திறக்கும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். காலின் அடியில் உள்ள கெட்டி ரப்பரைக் கழற்றி, உள்ளே காற்றறை உள்ள ரப்பர் பாதம் போட்டால் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அது கிடைக்கும்வரை, ஒவ்வொரு காலுக்கும் கீழே சிம்பல் ஃபெல்ட் ஒன்று அல்லது அடர்த்தியான ஸ்பாஞ்சுத் துண்டு வையுங்கள். ரொம்ப மெத்தென்ற ஸ்பாஞ்சு வேண்டாம். டாம் துள்ளும், நாலு பாட்டுக்குள் இடம் மாறி நகர்ந்துவிடும். காலைத் தேவைக்கு மேல் நீட்டியும் வைக்காதீர்கள், காலே தனியாக ஆடும்.

அடுத்தது ஹூப். ஒலியை இவ்வளவு வெளிப்படையாக மாற்றும் உதிரிப்பாகம் வேறில்லை. கிட்டோடு பெரும்பாலும் வருவது 1.6 மி.மீ. வளைத்த எஃகு ஹூப். அதற்குக் கொஞ்சம் நெளியும் குணம் உண்டு, அதனால் ஒலி திறந்து பரவும், உபசுருதிகள் (அடிச்சுருதியோடு மேலே எழும் சுருதிகள்) நிறைய கேட்கும். அதே வடிவில் 2.3 மி.மீ. போட்டால் ஒலி இறுகும், ரிம்ஷாட் (ஹெட்டையும் ஹூப்பையும் ஒருசேர அடிப்பது) கூர்மையாகும். வார்ப்பு ஹூப் போட்டால் இன்னும் ஒரு படி மேலே. உபசுருதிகள் அடங்கி, அடி ஒரே புள்ளியில் குவியும், குறுக்குக் குச்சி அடி (குச்சியை ஹெட்டில் கிடத்தி ஹூப்பில் தட்டுவது) கணீரென்று விழும். கிரெட்ச் கிட்டுகளின் ஒலிக்கு வார்ப்பு ஹூப்பும் ஒரு காரணம். துத்தநாகக் கலவையில் வார்த்தது கனம், அலுமினியத்தில் வார்த்தது இலகு. மர ஹூப் போட்டால் ரிம்ஷாட்டில் உலோகக் கூச்சல் போய் உருண்டையான, சூடான ஒலி வரும். ஆனால் குச்சி அடியில் அது சிதையும், அதற்கென்று தனி ராடோ கொக்கியோ தேவைப்படும்.

ஸ்னேருக்கு வார்ப்பு, டாம்களுக்கு மெல்லிய எஃகு. நான் சொல்வது இதுதான். டாம்களிலும் வார்ப்பு போட்டால் கார்வை சுருங்கும். அந்தக் குறுகிய ஒலிதான் வேண்டும் என்பவர் மட்டும் போடட்டும். ஸ்னேரின் மேல் ஹூப்பை மட்டும் மாற்றிக் கீழே பழையதையே விடுவது நல்ல நடுவழி, செலவும் பாதி.

வாங்கும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் மூன்று. 14 இஞ்ச் என்று மட்டும் சொல்லி, 8 துளையா 10 துளையா என்று பார்க்காமல் வாங்குவது. ஸ்னேரின் கீழ்ப்பக்க ஹூப்பில், கம்பியைக் கட்டும் பட்டை வெளியே வர இடம் வெட்டியிருக்கும். அதை மறந்து இரண்டும் மேல் ஹூப்பாக வாங்கிவிட்டால் பட்டை மடங்கி நிற்கும். மூன்றாவது தவறு, ஹூப்போடு சேர்த்துப் புது ஹெட்டும் மாட்டிவிட்டு, வந்த மாற்றம் முழுவதும் ஹூப்பால் வந்தது என்று நம்புவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

வார்ப்பு ஹூப்பில் ட்யூன் பண்ணும் கையும் மாற வேண்டும். அது வளையாது. ஒரு ராடைக் கால் சுற்று முறுக்கினால் எதிர்ப்பக்கத்திலும் சுருதி நகரும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். ஷெல் வட்டம் கொஞ்சம் தப்பியிருந்தால் மெல்லிய ஹூப் அதற்கு ஒத்துப்போகும், வார்ப்பு போகாது. ஒரு பக்கம் இறுகி, மறுபக்கத்து ஹெட் சுருங்கியே கிடக்கும்.

ராடுகளில் பொதுவான மரை அளவு 12-24 என்ற இஞ்ச் மரை. பழைய ஐரோப்பியக் கிட்டுகள் சிலவற்றில் மெட்ரிக் மரை இருக்கும். கையால் மூன்று சுற்று சுலபமாக ஏறாத ராடை டிரம் சாவி போட்டு ஏற்றாதீர்கள், லக் நட்டின் மரை போய்விடும். நீளம் அதிகமான ராட் இன்னும் வஞ்சகமானது. நுனி லக்கின் அடியில் முட்டி நிற்கும், சாவிக்கு ‘இறுகிவிட்டது’ என்று தோன்றும், ஹெட் மட்டும் தளர்ந்தே இருக்கும். ஒரே ஒரு லக்கில் எவ்வளவு முறுக்கியும் சுருதி ஏறவில்லை என்றால் அந்த ராடை வெளியே எடுத்துப் பக்கத்து ராடோடு சேர்த்துப் பிடித்து அளந்து பாருங்கள். வளைந்த ராடைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிமேல் உருட்டினால் போதும். ஒவ்வொன்றுக்கும் துளி கிரீஸ், தலைக்கடியில் நைலான் வாஷர். ரிம்ஷாட் அதிகம் அடிப்பவர்களுக்கு, அவர்கள் பக்கத்து இரண்டு மூன்று ராடுகள் தானாகக் கழன்று வரும். அவற்றுக்கு மட்டும், ராட் சுழலாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் லக் லாக் போடலாம். மரைப்பசை ராடில் கூடாது, லக்கை ஷெல்லோடு பிடிக்கும் உட்திருகில் நீலநிற மரைப்பசை ஒரு துளி சரி.

பழைய பெட்டி வடிவ லக்குகளுக்குள் ஸ்பிரிங் இருக்கும். ஹெட் இரண்டையும் கழற்றி, ஷெல்லைக் காதருகே பிடித்து, முஷ்டியின் பக்கவாட்டால் மெதுவாகத் தட்டுங்கள். மரத்தின் ‘டொக்’குக்குப் பின்னால் மெல்லிய ‘ஸ்ஸிங்’ கேட்டால் அது ஸ்பிரிங். ஒவ்வொரு லக்கையும் விரலால் அழுத்திக்கொண்டே தட்டினால் எந்த லக் என்பதும் தெரிந்துவிடும். லக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கைச் சுற்றிலும் கொஞ்சம் பஞ்சோ மெல்லிய ஃபோமோ வையுங்கள். திணித்து அடைத்தால் உள்ளே இருக்கும் நட் அசைய முடியாமல் கோணலாக நின்று, ராட் குறுக்கு மரையில் ஏறும். திரும்ப மாட்டும்போது லக் திருகை மட்டோடு இறுக்குங்கள். வார்ப்பு லக்கின் மரை சீக்கிரம் உரியும்.

ஸ்னேர் கம்பியில் 20 இழை வழக்கமானது. 12 அல்லது 16 இழை போட்டால் டிரம்மின் மரமோ உலோகமோ அதிகம் பேசும். 42 இழை போட்டால் கம்பியே பேசும், கீழ் ஹெட் அடங்கிப்போகும். எண்ணிக்கையைவிடப் பொருத்தும் நேர்த்தி முக்கியம்: இரு ஓரங்களிலிருந்தும் சம தூரம், பட்டை இரு பக்கமும் நேராக, கம்பியின் முனைத்தகடுகள் ஹெட்டில் குத்தாமல். ஸ்டிரெய்னரை (கம்பியை இறுக்கித் தளர்த்தும் விசை) மாற்றுவதானால் பழைய துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொண்டு போங்கள்.

பாஸ் டிரம்மில் இரண்டு டாம்களைச் சுமக்கும் ஹோல்டரை எடுத்துவிட்டு, டாம்களை கிளாம்ப் போட்டு சிம்பல் ஸ்டாண்டுக்கு மாற்றினால் கிக் (அந்த பாஸ் டிரம்) விடுபட்டு ஒலிக்கும். ஸ்டாண்டின் ஒரு கால் சரியாக டாமுக்குக் கீழே வர வேண்டும், இல்லையென்றால் நடுப்பாட்டில் கவிழும். ஹோல்டர் இருந்த துளைக்குத் தகடு. கிக்கின் ஹூப்பைப் பிடிக்கும் கொக்கிகளுக்கும் ஹூப்புக்கும் நடுவே ரப்பர் இல்லையென்றால் போடுங்கள், கடகடப்பு அங்கிருந்துதான் வரும். 18 இஞ்ச் கிக்கில் பெடலின் பீட்டர் (அடிக்கும் தலை) நடுவுக்கு மேலே போய் அடிக்கும், கிக்குக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் ரைசர் வேண்டும்.

சிம்பல்களுக்கு விங் நட்டைத் தளர்த்துவதும், கம்பியில் பிளாஸ்டிக் உறை போடுவதும் போதும். உறை தேய்ந்து உலோகம் உலோகத்தில் பட்டால் நடுத்துளை சாவித்துவாரம்போல அகலும், விரிசல் அங்கிருந்து தொடங்கும். ஹைஹாட்டை மிதித்து மூடும்போது ‘சிக்’ வராமல் காற்று அடைத்தால், கீழ்ச் சிம்பலின் அடியில் உள்ள சாய்வுத் திருகை அரைச் சுற்று ஏற்றுங்கள்.