ஒரே அவுட்லைன், இரண்டு சொல்: ஸ்டெனோ ஸ்கில் டெஸ்ட் அனுபவம்

எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் ஸ்டெனோ கிரேடு டி, அதாவது சுருக்கெழுத்தர் தேர்வின் முடிவு போன வாரம் வந்தது. பட்டியலில் என் எண் இருக்கிறது. இரண்டாவது முயற்சி. இன்னும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

முதல் முறை தோற்றது வேகத்தால் அல்ல. ஸ்கில் டெஸ்டில் நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் வந்த ஆங்கில டிக்டேஷனைப் பத்து நிமிடமும் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்தேன், 50 நிமிடத்துக்குள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்தும் முடித்தேன். தேர்ச்சி இல்லை என்றபோது ஒன்றும் புரியவில்லை. இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் என் பயிற்சித் தாள்களை எடுத்துச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே வந்தார். "கை சரியாத்தான் எழுதியிருக்கும்மா, நீ திருப்பிப் படிக்கும்போது கோட்டை விடுற" என்றார்.

சுழித்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒலி உள்ள சொற்கள். நாங்கள் எழுதும் பிட்மன் சுருக்கெழுத்து முறை ஒலியைத்தான் எழுதுகிறது, ஸ்பெல்லிங்கை அல்ல. 1837இல் ஐசக் பிட்மன் அதை வெளியிட்டபோதே 'சவுண்ட் ஹேண்ட்' என்றுதான் பெயர் வைத்தார். 'முதன்மை' பிரின்சிபலுக்கும் 'கொள்கை' பிரின்சிபிளுக்கும் ஒரே அவுட்லைன் (சுருக்கெழுத்துக் குறி). வீட்டில் கம்ப்யூட்டரில் அடித்துப் பழகியபோதும் பிழை காட்டும் சிவப்புக் கோடு விழவில்லை, இரண்டுமே சரியான சொல் ஆயிற்றே! ஆனால் திருத்தும்போது எழுத்துப் பிழை அரைப் பிழை, சொல்லே மாறினால் முழுப் பிழை.

என்னைக் காப்பாற்றியது தமிழ். ஆங்கிலத்தில் ஒன்றாக ஒலிப்பவை தமிழில் பக்கத்தில்கூட வராது. அதனால் நோட்டின் ஓரத்தில் தமிழ் முதலெழுத்தைப் போட ஆரம்பித்தேன்.

டிக்டேஷனாக எடுத்த நாடாளுமன்ற உரைகளில் எனக்கு அதிகம் இடறியவை:

- மு / கொ: முதன்மைச் செயலாளர் என்றால் முடிவு ஏ-எல். அரசமைப்பின் பகுதி 4இல் வரும் டைரக்டிவ் பிரின்சிபிள்ஸ் கொள்கை, அதனால் எல்-இ.
- அ / வ: அவை என்றால் முடிவு சி-ஐ-எல் (மாநிலங்களவை ஆங்கிலத்தில் கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸ்). அதே ஒலியில் வரும் வழக்கறிஞர் 'கவுன்சல்' என்றால் எஸ்-இ-எல்.
- நி / க: மசோதா நிறைவேறினால் 'பாஸ்ட்' இரட்டை எஸ்ஸோடு ஆறெழுத்து. கடந்த ஐந்தாண்டு என்றால் நாலே எழுத்து.
- ஒ / ஏ: குடியரசுத் தலைவர் தரும் ஒப்புதல் 'அசென்ட்' இரட்டை எஸ். ஏற்றம் என்றால் எஸ்-சி.

டிக்டேஷன் ஓடும்போது தமிழெழுத்து போடப் பார்க்காதீர்கள், அடுத்த வரி போய்விடும். ஒரு டிக் மட்டும் போதும். டிக்டேஷன் முடிந்ததும் ஐந்து நிமிடம் கீபோர்டைத் தொடாமல் நோட்டை முழுக்கப் படித்து, டிக் இருக்கும் இடத்தில் எல்லாம் எழுத்தைப் போடுங்கள். அப்புறம் அடியுங்கள்.

100, 120 என்று வேகம் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. 90இல் நின்றுகொண்டு, மிச்ச நேரத்தையெல்லாம் திருப்பிப் படிக்கவே செலவிட்டேன்.

இந்த முறை நோட்டில் பதினொரு டிக். கடைசி ஆறு நிமிடம் அந்த இடங்களை மட்டும் பார்த்தேன். மூன்றைத் திருத்தினேன்.