வாலிபாலும் நூலகப் புத்தகமும்

அணியில் சேர்ந்தால் வாசிப்பு போச்சு என்று வீட்டில் பயப்படுவார்கள். தேவையில்லை. பயிற்சி நாளில் நாவலைத் தொடாதீர்கள், களைப்பில் பாதிப் பக்கம் மனதில் நிற்காது. ஒரு சிறுகதை போதும். முடித்ததும் உறுத்திய ஒரு கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள்; கதைச்சுருக்கம் எழுதுவது வீண் வேலை.

கடலோர ஊர்களான மண்டபம், தொண்டிப் பக்கத்து மைதானங்களில் காற்றுதான் ஏழாவது ஆட்டக்காரர். முதுகுக்குப் பின்னால் காற்று இருந்தால் சர்வீஸ் எல்லைக் கோட்டைத் தாண்டிவிடும். சர்வீஸுக்குப் பந்தை உயரமாகத் தூக்கிப் போடாதீர்கள். பந்து விலகிப்போய் கையின் ஓரத்தில் படும். எதிர்க்காற்றில் பந்து சட்டென்று வலைக்கருகே விழும், ஓங்கி அடிக்க வேண்டும். அப்படி வரும் சர்வீஸை எடுப்பவர்கள் ஓரடி முன்னால் நிற்பது நல்லது. ஐந்தாவது செட்டில் 8 புள்ளியில் பக்கம் மாறுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. தொய்ந்த வலையில் பழகினால் போட்டியில் ஸ்மாஷ் வலையில்தான் போய் முட்டும். உப்புக்காற்றில் வலைக்கம்பி துருப்பிடிக்கும், அவ்வப்போது எண்ணெய் தடவுங்கள்.

வியர்வை பனியனோடு புத்தகத்தைத் திணித்தால் ஈரத்தில் பசை விட்டு அட்டை கழன்றுவரும். தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், அபராதம் மிச்சம்.