பத்து விநாடி தாமதமாக வந்த ‘இல்லையம்மா’

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. கோலார் பக்கத்துக் கல்வெட்டு ஒன்றின் படத்தை யூடியூப் நேரலையில் படித்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கு விட்ட நிலத்தின் எல்லையைச் சொல்லும் வரி அது. ‘கொடி’ என்று படித்தேன். கொடி படர்ந்த வேலியை எல்லையாகக் குறித்திருக்கலாம் என்று விளக்கமும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அப்போதுதான் மேசைமேல் இருந்த கைப்பேசியிலிருந்து, என்னோடு சேர்ந்து படிக்கும் கும்பகோணத்து ஐயாவின் குரல் வந்தது: “இல்லையம்மா, அது கோடி.”

எது கோடி? அவர் சொன்னபோது திரையில் வேறு வரி இருந்தது. எந்த எழுத்தைச் சொல்கிறார் என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாற்பது சொச்சம் பேருக்கு எப்படிப் புரிந்திருக்கும்?

கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் இவற்றுக்கும் வடிவில் வேறுபாடு இருக்காது. எரியும் ஏரியும் ஒரே மாதிரிதான் வெட்டப்பட்டிருக்கும். கொடியும் கோடியும் அப்படியே. இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் கோடி என்றால் விளிம்பு, கடைசி. கன்னடத்தில் ஏரி நிரம்பி மிகைநீர் வழியும் இடத்துக்கே கோடி என்றுதான் பெயர். நம் பக்கத்தில் கலிங்கு என்போம். ஏரி நிலத்தின் எல்லையைச் சொல்லும் வரியில் அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது! இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறேன், எனக்கு அந்தக் கன்னடச் சொல் தெரியும். ஐயா அந்த நொடியிலேயே என்னை நிறுத்தியிருந்தால் இரண்டு மொழியும் சந்திக்கும் அந்த இடத்தில் நாங்கள் அரை மணி நேரம் நின்றிருப்போம். நிற்கவில்லை. வரி போய்விட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டொம்லூரில் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அந்தக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தினமும் அலுவலகத்துக்குப் போகிற வழியில் அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆர்வமே பிடித்தது. தொழிலால் நான் கணக்காளர். 2023 ஐப்பசியில் சனிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு கல்வெட்டு என்று யூடியூபில் தொடங்கினேன். ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபத்து மூன்று வயது, கல்லைத் தடவியே எழுத்தைச் சொல்லக்கூடியவர். டெல்லியில் ஆர்.கே.புரத்தில் இருக்கும் ஆய்வு மாணவி ஒருத்தி மூன்றாமவள். என்னை அக்கா என்பாள். அவளுக்கு கிரந்த எழுத்து நன்றாக வரும். மூன்று ஊர், மூன்று பேர். கையில் இருந்தது 2019-இல் வாங்கிய ஒரு மடிக்கணினியும் வீட்டு இணையமும்தான்.

முதலில் நான் செய்த ஏற்பாடு பலரும் செய்வதுதான். ஐயாவைக் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். படத்தை அவர் தன் வீட்டில் யூடியூபில் பார்ப்பார். இதில்தான் கோளாறு. தொலைபேசியில் என் குரல் அவருக்கு உடனே கேட்டுவிடும். யூடியூப் படமோ, ‘குறைந்த தாமதம்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்கூட, பத்து விநாடி வரை பின்தங்கி வரும். காதுக்கு ஒரு நேரம், கண்ணுக்கு இன்னொரு நேரம். நான் காட்டுவதை அவர் பார்த்து, யோசித்து, வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த வரியில் இருப்பேன். பாவம், அவர் ஒவ்வொரு முறையும் தான்தான் மெதுவாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடியால்தான் எனக்கு ஒன்று விளங்கியது. விருந்தினர் வேறு, இணைத் தொகுப்பாளர் வேறு. விருந்தினர் கேட்டால் பதில் சொல்வார். பத்து விநாடி தாமதித்தாலும் குற்றமில்லை. இணைத் தொகுப்பாளர் என்பவர் கேட்காமலே குறுக்கே பேசக்கூடியவர். என் வாக்கியம் முடியும் முன்பு “இல்லையம்மா” என்று சொல்ல அவரால் முடியவில்லை என்றால், அவர் முகம் திரையில் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தும் பயனில்லை. அதன்பிறகு செலவழித்த ஒவ்வொரு ரூபாயையும் அவரால் குறுக்கே பேச முடிய வேண்டும் என்பதற்காகவே செலவழித்தேன்.

அடுத்து ஒரு கூட்டச் செயலியின் இலவசக் கணக்கில் முயன்றோம். நாற்பது நிமிடத்தில் கூட்டம் மூடிக்கொண்டது. கல்வெட்டு நடுவில் நின்றது. அது போகட்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசினால், எதிரொலியை அடக்குகிறேன் என்று ஒரு குரலை அந்தச் செயலி அமுக்கிவிட்டது. எங்களுக்கு எது வேண்டுமோ அதைத்தான் அது வெட்டியது. அதன் சன்னலைப் பிடித்து நேரலையில் காட்டும்போது, பேசுகிறவர் மாற மாறக் கட்டங்கள் இடம்மாறி ஐயாவின் பாதி முகமும் டெல்லியின் பாதி முகமும் ஒன்றாக வந்தன. மூன்று வாரத்தில் விட்டுவிட்டோம்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது விடிஓ நிஞ்ஜா. இலவசம். ஐயா எதையும் நிறுவ வேண்டியதில்லை. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொட்டு, கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்தால் போதும். நேரலையை நடத்தும் ஓபிஎஸ் மென்பொருளில் அவர் ஒரு தனிப் படமாகவும் தனிக் குரலாகவும் வந்து உட்காருவார். அவரைப் பெரிதாக்கலாம், மூலையில் வைக்கலாம், குரலை மட்டும் ஏற்றலாம். இதன் அடியில் இருப்பது வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பம். நடுவில் ஒரு நிறுவனத்தின் கணினி படத்தை வாங்கிக் கலந்து கொடுப்பதில்லை. முடிந்தவரை ஒருவர் கருவியிலிருந்து மற்றவர் கருவிக்கு நேராகப் போகிறது. தாமதம் அரை விநாடிக்கும் கீழே. தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. நல்ல நாளில் நாங்கள் ஏறக்குறைய அங்கே இருக்கிறோம் என்றுதான் என் காது சொல்கிறது.

ஆனால் நடுவில் ஆள் இல்லை என்றால் சுமையை யாராவது தூக்க வேண்டுமே. ஐயாவின் கைப்பேசி தூக்கியது. அந்த இணைப்பில் நாங்கள் கூடும் இணைய அறையில் மூன்று பேரும் இருக்கும்போது அவர் படம் டெல்லிக்கு ஒன்று, என் உலாவிக்கு ஒன்று, என் ஓபிஎஸ்ஸுக்கு ஒன்று என மூன்று பிரதியாகக் கிளம்புகிறது. கும்பகோணத்தில் அவர் வீட்டின் உள்ளறையில் கிடைக்கும் நான்காம் தலைமுறை அலைவரிசைக்கு அது தாங்கவில்லை. கைப்பேசி சுட்டுப்போய்க் குரல் விட்டுவிட்டு வந்தது. என் உலாவியில் அவர் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் முகத்தை ஓபிஎஸ்ஸிலேயே பார்த்துக்கொள்கிறேனே. நேரலைக்கு வரும் படத்தை விநாடிக்கு 600 கிலோபிட்டாகக் குறைத்தேன். முகம் கொஞ்சம் மங்கல்தான். யாரும் குறை சொல்லவில்லை. கைப்பேசியை ஜன்னல் பக்கம் மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முக்கியமான வேலை இன்னொன்று. கல்வெட்டுப் படத்தை அவர்கள் யூடியூபில் பார்க்கக்கூடாது. ஓபிஎஸ்ஸில் ‘மெய்நிகர் கேமரா’ என்று ஒரு வசதி, 2020-இல் வந்த 26-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. நேரலையில் போகும் அதே திரையை என் கேமராபோல அது அறைக்குள் அனுப்பும். நான் எந்த எழுத்தின்மேல் சுட்டியை வைக்கிறேனோ அதை இருவரும் அதே கணத்தில் பார்க்கிறார்கள். இதைச் செய்த அன்றுதான் எங்கள் நேரலை உண்மையில் தொடங்கியது என்பேன்.

இருந்தாலும் காணொலியாக ஓடும் படத்தில் சிதைந்த எழுத்தின் நெளிவு தெளிவாகத் தெரியாது. அதற்குத் தொழில்நுட்பம் தேடவில்லை. வெள்ளிக்கிழமையே படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பிவிடுகிறேன். புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஐயா கடைத்தெருவில் அதைப் பெரிய தாளில் அச்செடுத்து, வரிக்கு எண், எழுத்துக்கு எண் போட்டு வைத்திருப்பார். “மூன்றாம் வரி, ஏழாம் எழுத்து” என்றால் மூன்று ஊரிலும் விரல் ஒரே இடத்துக்குப் போகும். கல்லின்மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படியே கையில் இருந்தால் அதைவிடச் சிறப்பு. அவர் பேரன் இரண்டாவது கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்துப் பிடித்து அதைக் காட்டுவான்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நேரலை செய்ய நினைக்கும் எல்லோருக்கும் நான் கெஞ்சிக் கேட்பது: முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள். படம் உறைந்தால் மக்கள் காத்திருப்பார்கள், குரல் எதிரொலித்தால் ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லார் குரலும் கேட்க வேண்டும். தன் குரல் மட்டும் திரும்பி வரக்கூடாது. அறையில் அது தானாக நடந்துவிடும், எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டால். ஐயா மாட்ட மாட்டேன் என்றார். இடது காதில் செவித்துணைக் கருவி இருக்கிறது. சாதாரண இயர்போன் அதோடு சேராது என்று சொல்ல அவருக்குக் கூச்சம். ஒன்றரை மாதம் கழித்துப் பேரன்தான் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஆறு கடை ஏறி இறங்கி, காது முழுவதையும் மூடும் கம்பி வைத்த ஹெட்ஃபோன் ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கிக் கூரியரில் அனுப்பினேன். நன்றாக அழுத்தி மூடினால் கருவி கீச்சிட்டது. கொஞ்சம் தளர்த்தி, சற்றே பின்னால் தள்ளி வைத்ததும் நின்றது. “அம்மா, நீங்கள் என் அறைக்குள்ளேயே இருக்கிறீர்கள்” என்றார். அந்த 950 ரூபாயைப்போல வேறெந்தச் செலவும் எனக்கு மனநிறைவு தரவில்லை.

என்னை அக்கா என்று அழைக்கும் டெல்லித் தங்கைக்கு வேறு சிக்கல். விலையுயர்ந்த புளூடூத் ஹெட்செட் வைத்திருந்தாள், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. புளூடூத்தில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது அது தொலைபேசித் தர ஒலிக்கு இறங்கிவிடுகிறது. 300 ரூபாய்க் கம்பி இயர்போன் அதைத் தீர்த்தது. அவள் ஒருமுறை வேறு தாவலில் எங்கள் யூடியூப் ஒளிபரப்பையே திறந்து வைத்துவிட, எல்லோர் பேச்சும் பத்து விநாடி கழித்து மறுபடி வந்து இரண்டு நிமிடம் ஒரே குழப்பம். இப்போது ஆறரை மணிக்கே கூடி, தேநீர் குடித்தபடி ஒவ்வொரு தாவலாக மூடுகிறோம்.

மற்றச் செலவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்திலிருந்து என் அறைக்குப் பதினைந்து மீட்டர் லேன் கேபிள். வைஃபையை நம்பி நேரலை செய்யக்கூடாது. ரௌட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ், ஏனென்றால் பெங்களூரில் மாலை மழை என்றால் மின்சாரம் போகும். மடிக்கணினிக்கு அதன் மின்கலமே போதும். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள். யூடியூபுக்கு 720 வரித் தரத்தில், விநாடிக்கு 2,500 கிலோபிட்டில்தான் அனுப்புகிறேன். எங்கள் கல்லுக்கு அது போதும்.

எல்லா வாரமும் நன்றாக நடப்பதில்லை. தை மாதத்தில் இரண்டு முறை ஐயாவின் இணைப்பு அறுந்தது. அதற்கு எங்களிடையே ஓர் உடன்பாடு: முதலில் படத்தை நிறுத்துவது, குரலைக் காப்பாற்றுவது. அவர் புகைப்படம் ஒன்றை ஓபிஎஸ்ஸில் தயாராக வைத்திருக்கிறேன். அது திரையில் இருக்க, குரல் தொடரும்.

போன மாதம் கோலார்க் கல்லை மறுபடி எடுத்தோம். ஏரி, நிலம், எல்லை என்று படித்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லுக்குமுன் ஒரு கணம் நின்றேன். ஐயாவும் தங்கையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். இரண்டு குரலும் முழுதாகக் கேட்டன.

“நீங்கள் சொல்லுங்கள் ஐயா.”

“இல்லை, நீ சொல்லம்மா.”

அவளுக்கு ஐயாவின் கோடியில் உடன்பாடில்லை. முன்னால் இருக்கும் எழுத்து தேய்ந்திருக்கிறது, அதைத் தீர்மானிக்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது என்றாள். ஐயா தன் தாளைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்தார். நான் கன்னடக் கோடியைச் சொன்னேன். அதற்கும் இருவரும் குறுக்கே வந்தார்கள். எட்டு மணி தாண்டியும் யாரும் முடிக்கவில்லை. பார்ப்பவர்களில் ஒருவர், தன் ஊர் ஏரியின் கோடியில் சிறுவயதில் மீன் பிடித்ததை எழுதினார். நான் சுட்டியை அந்த எழுத்தின் மேலேயே வைத்திருந்தேன்.