எடைக்கணக்கும் சவர்க்காரமும்: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு நாட்குறிப்பு

23 ஆகஸ்டு 2025, சனி

இதுவரை நான் செய்த மூன்று சவர்க்காரக் கலவைகளும் ஆலிவ் எண்ணெயை நம்பியவை. வெளிநாட்டுக் குறிப்புகளில் அது தண்ணீரைப் போலப் புழங்குகிறது. எங்கள் ஊர் மளிகைக் கடையிலோ மருந்துப் புட்டியைப் போல மேல் தட்டில் ஒற்றையாக நிற்கிறது. செம்பனை (பாமாயில்) ஆலையில் எடை மேடையில் வேலை பார்க்கிறவள், சவர்க்காரத்திற்கு எண்ணெய் தேடி ஐரோப்பாவுக்குப் போவானேன் என்று நேற்று தோன்றியது. இங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் ஆன்ரி ஃபொகொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. நாளைக்கு என் சட்டியில் சேரப்போவதும் இவ்விரண்டும்தான்.

எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடாவின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். 1 கிராம் ஆலிவ் எண்ணெயைச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 0.134 கிராம் சோடா போதும். தேங்காய் எண்ணெய்க்கு 0.183 வேண்டும். செம்பனை எண்ணெய்க்கு 0.142, விளக்கெண்ணெய்க்கு 0.128. கட்டி இறுகுவதற்குச் செம்பனை 550 கிராம், நுரைக்குத் தேங்காய் 350, அந்த நுரை உடனே அடங்காமல் இருக்க விளக்கெண்ணெய் 100 என்று வைத்துப் பெருக்கிக் கூட்டினால் சோடா 155 கிராமுக்கு நூலளவு குறைவாக வருகிறது. அதில் 5 விழுக்காட்டைக் கழித்து 147 கிராம் போடுவேன். கழிப்பதற்குக் காரணம் உண்டு: சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சினால் தோல் வறளாது, சிறிது சோடா எஞ்சினாலோ தோலே எரியும். தண்ணீர், சோடாவைப் போல இரு மடங்கு, 294 கிராம்.

2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு விற்கும் பாக்கெட் எண்ணெயை எடுக்க மனம் வரவில்லை. அது சமையலுக்கென்று அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து விற்பது. புட்டி எண்ணெயே வாங்கினேன்.

24 ஆகஸ்டு 2025, ஞாயிறு

காலையிலேயே பின்கட்டில் இடம் ஒதுக்கிவிட்டேன். கையுறை, கண்ணாடி, நீளக்கைச் சட்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காதபடி வேலிக் கதவுக்குத் தாழ்ப்பாள். அலுமினியப் பாத்திரம் எதுவும் கிட்டே இருக்கக் கூடாது. சோடாக் கரைசல் அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனைக் கிளப்பும். எல்லாம் எவர்சில்வர்தான்.

சோடாவைத்தான் தண்ணீரில் தூவ வேண்டுமே தவிர, தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முறைப்படி தூவியபோதே 29 பாகையில் இருந்த தண்ணீர், நான் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் 80ஐத் தாண்டிவிட்டது. அடுப்பே இல்லாமல் ஒரு குவளைத் தண்ணீர் ஆவி விடுவதைக் கதவுக்கு அப்பால் நின்று பார்த்த அம்மா, “கடையில ரெண்டு வெள்ளிக்குக் கெடைக்கிற சவர்க்காரத்துக்கு இவ்வளவு பாடாம்மா?” என்றார்.

சோடாக் கரைசலும் எண்ணெயும் 40 பாகையளவில் ஆறியபின் கரைசலை எண்ணெயில் ஊற்றி, கைமிக்சியால் விட்டு விட்டு அடித்தேன். கரண்டியிலிருந்து வழிகிற கோடு மேற்பரப்பில் அமிழாமல் ஒரு கணம் நிற்பதுதான் பதம். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. வழக்கத்தைவிட விரைவாகவே பதம் வந்துவிட்டதால், என் கைக்குத் திறமை கூடிவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். தாள் விரித்த நெகிழிப் பெட்டியில் ஊற்றி, பழைய துண்டால் போர்த்திவிட்டு வந்தேன்.

25 ஆகஸ்டு 2025, திங்கள்

வேலை முடிந்து வந்து துண்டை விலக்கினால், கட்டி சுண்ணாம்பைப் போல வெளுத்திருந்தது. கத்தி இறங்கும்போது ஓரங்கள் பொடிந்தன. ஈர விரலைச் சவர்க்காரத்தில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தேன். பழைய வானொலிக்குப் போடும் சதுர பேட்டரியை நாக்கில் வைத்தாற்போல் சுரீரென்றது. சோடா மிஞ்சியிருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. வாயைப் பலமுறை கொப்பளித்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், தவறில்லை. பிறகு, ஆலையில் குலை லாரியின் எடையில் ஐயம் வந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன்: எல்லாக் கட்டிகளையும் உதிர்ந்த தூளோடு சேர்த்து நிறுத்தேன். எண்ணெய் 1000, சோடா 147, தண்ணீர் 294, ஆக 1441 கிராம் உள்ளே போயிருக்க வேண்டும். வந்தது 1324. சட்டியில் ஒட்டியதும் ஆவியாகப் போனதுமாக 25 கிராம் குறைவது முந்தைய கலவைகளில் கண்டதுதான். மிச்சம் 92 கிராம் எங்கே?

தேங்காய் எண்ணெயை மட்டும் தனிக் கிண்ணத்தில் நிறுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிண்ணத்தை வைத்துத் தராசைச் சுழியத்திற்குக் கொண்டுவராமலே 350 வரும் வரை ஊற்றியிருக்கிறேன். ஓடிப்போய் அந்தக் கிண்ணத்தை நிறுத்தேன்: 92 கிராம்.

நாள்தோறும் லாரியைக் குலையோடு ஒரு முறையும் வெறும் வண்டியாக ஒரு முறையும் ஏற்றி, கழித்துச் சீட்டு எழுதுகிறவள் நான். டன் கணக்கில் தவறாதவள் ஒரு கிண்ணத்தைக் கழிக்க மறந்தேன். இதை ஆலையில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

உள்ளே போன தேங்காய் எண்ணெய் 258 கிராம்தான் என்றால், எண்ணெய் முழுவதும் மாறிய பிறகும் ஏறத்தாழ 9 கிராம் சோடா வேலையின்றி நிற்கிறது. கிண்ணத்தின் அடியில் அழியா மையால் 92 என்று எழுதி வைத்தேன்.

31 ஆகஸ்டு 2025, ஞாயிறு

சுதந்திர தினம். எதிர்வீட்டில் தொலைக்காட்சி அணிவகுப்பின் முரசு ஒலித்துக்கொண்டிருக்க, நான் பின்கட்டில் சவர்க்காரம் துருவிக்கொண்டிருந்தேன். தேங்காய்த் துருவியைத் தொட அம்மா விடவில்லை, அது நியாயமும்கூட. இரவுச் சந்தையில் 5 வெள்ளிக்குத் தனித் துருவி வாங்கி வந்திருந்தேன்.

எத்தனை எண்ணெய் குறைந்தது என்று துல்லியமாகத் தெரிந்திருப்பதுதான் இந்தத் தோல்வியில் கிடைத்த நற்பேறு. தெரியாவிட்டால் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டியிருக்கும் அல்லது குப்பையில் போட வேண்டியிருக்கும். துருவலை எவர்சில்வர் சட்டியில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் அமர்த்தி, விடுபட்ட 92 கிராம் தேங்காய் எண்ணெயையும் சில கரண்டி தண்ணீரையும் சேர்த்துக் கிளறினேன். முதல் அரைமணி நேரம் ஈரப் புட்டாகவே இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து கண்ணாடித் தன்மை ஏறத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் சட்டி முழுவதும் மங்கலான களிம்பாகத் திரண்டு, கரண்டியோடு சேர்ந்து சுழன்றது. ஒரு துளியை ஆறவைத்து மறுபடியும் நாக்கில் வைத்தேன். சவர்க்காரச் சுவை மட்டுமே; சுரீர் இல்லை.

களிம்பை ஊற்ற முடியாது. கரண்டியால் அள்ளிப் பெட்டியில் அடைத்து, காற்றுக் குமிழி போகத் தட்டினேன்.

16 செப்டம்பர் 2025, செவ்வாய்

விடுமுறை என்பதால் ஒரு சின்னக் கலவை. வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவைக் கொதிக்கவைத்தால் அழகான நீலம் இறங்கும். மலாய்க்காரர்கள் சோற்றுக்கு நிறமூட்டுவதும் இந்தப் பூவால்தான். அந்த நீரில் சோடாவைத் தூவினேன். நீலம் பச்சையாகி, கலக்கி முடிப்பதற்குள் பழைய தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தட்டில் சிவப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவளுக்கு, காரம் பட்டால் பூவின் நிறம் மாறும் என்று முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். இந்த முறை கிண்ணத்தைக் கழித்தேன் என்பதை மட்டும் பெருமையோடு குறித்துக்கொள்கிறேன்.

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

ஒரு கட்டியில் குச்சியால் அடையாளமிட்டு, வாரம் ஒரு முறை நிறுத்து வருகிறேன். முதல் வாரத்தில் 118 கிராம், பிறகு 114, 112. இந்த வாரம் 112தான், அசையவே இல்லை. நான்கு நாளாக விடாத மழை. கட்டியின் மேல் பனித்துளிகளைப் போல நீர் பூத்திருக்கிறது. சவர்க்காரம் உருவாகும்போதே கூடவே உண்டாகும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகள் நான்கு வாரம் உலர்த்தினால் போதும் என்கின்றன. அவர்கள் சிலாங்கூர் மழையைக் கண்டதில்லை. நான் நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். எடை இறங்குவது நிற்கும் வரை காத்திருப்பேன், அதுவும் மழையில்லாத வாரத்தில். கட்டிகளை மின்விசிறிக்கு அருகில், ஒன்றையொன்று தொடாமல் கம்பித் தட்டில் மாற்றி வைத்தேன்.

12 அக்டோபர் 2025, ஞாயிறு

இரண்டு வாரமாக நல்ல வெயில். 108, மறுபடி நிறுத்தாலும் 108. கட்டி பார்வைக்கு அழகில்லை. மேல்புறம் அவலைப் பிசைந்து வைத்தாற்போல் கரடாக இருக்கிறது. கையில் தேய்த்தால் முதலில் பெரிய குமிழி, பின்னர் பாலாடை போன்ற நுரை. கழுவியபின் தோல் இழுக்கவில்லை.

அம்மா இருபது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒட்டுப்பால் நாற்றம் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது என்பது அவர் கட்சி. முகர்ந்து பார்த்துவிட்டு, “வாசமே இல்லையே” என்றார். நான் வாசனை எதையும் சேர்க்கவில்லை என்றதும், குறை சொல்ல வேறெதுவும் இல்லாததைப் போல உள்ளே போய்விட்டார்.

20 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளி. விடியுமுன் அம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். தலைக்குச் சீயக்காய், உடம்புக்கு என் சவர்க்காரம். எண்ணெய்ப் பிசுக்கை ஒரே தேய்ப்பில் எடுத்துவிட்டது. எனக்குப் பின் குளித்த அம்மா நெடுநேரம் வெளியே வரவில்லை.

பலகாரத் தட்டுகளை அடுக்கி முடித்து, மதியம் குளியலறைக்குப் போனபோது பார்த்தேன். சவர்க்காரம் தரையில் ஊறாதிருக்க, கைக்குக் கிடைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். தூக்கிப் பார்த்தால் அடியில் 92. அதைத் திருப்பிக் கேட்க மனமில்லை. அடுத்த கலவைக்கு வேறு கிண்ணம் எடுத்து, முதலில் அதை நிறுக்க வேண்டும்.