வெள்ளிக்கிழமை ஆறு மணி என்று எழுதாதீர்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் குடும்ப வழக்குகள் மட்டும் எடுக்கும் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் எனக்கு வேலை. பிரிந்துபோன பெற்றோர் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போடும் பேரன்டிங் பிளானைத் தட்டச்சு செய்வதும் திருத்துவதும் என் பொறுப்பு. கிளென்ஹேசல், நார்வுட் பக்கத்து யூதக் குடும்பங்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். தஞ்சாவூர்க்காரியான எனக்கு, யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான ஷபாத் தொடங்கும் நேரம் மனப்பாடமானது அப்படித்தான்.

2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பெற்றோர் உரிமையைப் பயன்படுத்துவதில் தகராறு வந்தால் நேராக நீதிமன்றத்துக்கு ஓடாதே, முதலில் ஒரு பிளானுக்கு ஒத்துவரப் பார் என்கிறது. பிள்ளைகள் நலனைப் பார்க்கும் அரசு வக்கீலான ஃபேமிலி அட்வகேட், சமூகப் பணியாளர், உளவியலாளர் என்று யாராவது உதவ வேண்டும், அல்லது மத்தியஸ்தம் நடக்க வேண்டும். பிள்ளை எங்கே தங்குவது, பராமரிப்புப் பணம், யார் எப்போது பார்ப்பது எல்லாம் அதில் வரலாம். பள்ளிப் படிப்பும் மத வளர்ப்பும்கூட வரலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிறகு அதை ஃபேமிலி அட்வகேட்டிடம் பதியலாம், நீதிமன்ற உத்தரவாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

பொதுவாக எல்லோரும் எழுதும் வரி: "வெள்ளி மாலை 6 மணிக்கு அப்பா வந்து அழைத்துச் செல்வார்." ஆசாரமான ஓர் அம்மா அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் "ஜூன்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். ஜூன் இங்கே குளிர்காலம், ஏறக்குறைய ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் ஏழு ஆகும். வெள்ளி அஸ்தமனத்துக்கு முன்பே மெழுகுவர்த்தி ஏற்றி ஷபாத் தொடங்கிவிட்டால், சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை கார் ஓட்டக்கூடாது, போன் எடுக்கக்கூடாது. ஆறு மணி என்று போட்டால் குளிர்காலம் முழுவதும் உத்தரவை மீற வேண்டும், இல்லையென்றால் ஷபாத்தை மீற வேண்டும். அதனால் "மெழுகுவர்த்தி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு" என்று மாற்றினோம். சனிக்கிழமை வீடியோ கால் என்ற வரியும் போயிற்று.

எகிப்திலிருந்து விடுதலையான நினைவாகக் கொண்டாடும் பெஸாக் வந்தால் தலைவலி இன்னும் கூடும். இஸ்ரேலுக்கு வெளியே அது எட்டு நாள் பண்டிகை. முதல் இரண்டு இரவும் செடர் என்ற குடும்ப விருந்து. முதல் இரவு அம்மாவோடு, இரண்டாம் இரவு அப்பாவோடு என்று பிரித்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நடுவே இருக்கும் பகலும் பண்டிகை நாள், கார் எடுக்க முடியாது. இரண்டு வீடும் நடக்கிற தூரத்தில் இருந்தால் சரி. அப்பா தள்ளியிருக்கும் சாண்ட்டனுக்குக் குடிபோயிருந்தால் பிள்ளை எப்படிப் போவது? 2025இல் செடர் இரவுகள் ஏப்ரல் 12, 13. கடைசிப் பண்டிகை நாட்கள் 19, 20. இடையே 15 முதல் 18 வரை, வெள்ளி மாலைக்கு முன்பு, கார் ஓட்டலாம். அந்த நாட்களில் பிள்ளை கைமாறினால் இருவருக்கும் பண்டிகை கிடைக்கும். அடுத்த ஆண்டு முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறும். இந்தக் கணக்கைச் சாப்பாட்டு மேசையில் போட இருவருக்கும் பொறுமை இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஒருவர் மட்டும் ஆசாரத்துக்குத் திரும்பிய வீடுதான் ரொம்பக் கஷ்டம். அம்மா வீட்டில் சனிக்கிழமை கிரிக்கெட், அப்பா வீட்டில் தொழுகை. ஒருவருக்குக் கிங் டேவிட் என்ற யூதப் பள்ளி போதும், மற்றவருக்கு ஆசாரம் கூடிய யெஷிவா காலேஜ் பள்ளிதான் வேண்டும். எந்த வீட்டு வழக்கம் உசத்தி என்று நீதிபதி சொல்வதில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் பார்ப்பார். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் பேச்சையும் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு எரிச்சல். யூத விவாகரத்துக்குக் கணவன் 'கெட்' என்ற பத்திரம் கொடுக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைகளை இத்தனை நாள் விடு, கொடுக்கிறேன்" என்று பேரம் பேசுபவர்கள் உண்டு. 1996இல் விவாகரத்துச் சட்டத்தில் சேர்த்த 5ஏ பிரிவின்படி, மத முறைப்படி மணமுறிவு ஆகாமல் ஒருவர் மறுமணம் செய்ய முடியாமல் இருந்தால், நீதிமன்றம் சிவில் விவாகரத்தையே தராமல் நிறுத்திவைக்கலாம், நியாயமாகத் தோன்றும் வேறு உத்தரவும் போடலாம். கெட் விஷயத்தைப் பார்ப்பது பெத் தின் என்ற யூத மதகுருக்கள் மன்றம். பிள்ளைகள் விஷயத்தில் கடைசி வார்த்தை உயர் நீதிமன்றத்துடையது. அந்தப் பேரத்தைப் பிளானுக்குள் கொண்டுவர எங்கள் வக்கீல் மேடம் விடவே மாட்டார்.

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம், போன மாதம், இந்தியர்கள் நிறைய வாழும் லெனேசியாவிலிருந்து வந்த நம் ஆட்கள், ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் டர்பனில் பிறந்து வளர்ந்தவர், மனைவியான அந்த அக்கா சென்னை. "பண்டிகைகளில் மாறி மாறி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு வந்தார்கள். எந்தப் பண்டிகை? அவருக்குத் தைப்பூசக் காவடியும், ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவும்தான் பெரிது. அக்காவுக்குப் பொங்கலும் தீபாவளியும். அதற்கெல்லாம் ஒரு மணி நேரத்தில் வழி பிறந்துவிட்டது.

மாட்டிக்கொண்டது புரட்டாசியில். அவர் வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. அக்கா வீட்டில் சனிக்கிழமை மட்டும்தான் சைவம், ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும் பிராய் அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். எட்டு வயதுப் பையன் யார் வீட்டில் என்ன சாப்பிடுவது?

"யூதர்களுக்குத்தான் இப்படி மணி, நிமிஷம் எல்லாம் தேவை. நமக்கெதுக்கு? பேசித் தீர்த்துக்கலாமே" என்றார் அக்கா. "பேசித் தீராமதானேக்கா இங்க வந்திருக்கீங்க" என்றேன். அக்கா சிரித்துவிட்டார், தமிழ் தெரியாத மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை என்று மேடத்துக்கு விளக்கி, "புரட்டாசியில் பிள்ளைக்கு இரு வீட்டிலும் சைவம், மற்ற மாதங்களில் அந்தந்த வீட்டு வழக்கம்" என்று ஒரு பத்தி தட்டினேன். கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் விலக்கச் சொல்கிறார். வரும் வியாழன் மறுபடி உட்காருகிறோம்.