பெத்லகேமின் தாழ்ந்த வாசல்

இயேசு பிறந்த குகையின் மேல் கட்டிய ஆலயம் என்றதும் பெரிய முகப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள், பெத்லகேம் சதுக்கத்தில் நின்று கொஞ்சம் திகைக்கத்தான் செய்வார்கள். கோட்டை மதில் போல உயர்ந்த கல்சுவர், அதன் அடியில் ஏறக்குறைய நாலடி உயரத்தில் ஒரு வாசல். 'தாழ்மையின் வாசல்' என்பார்கள். பேராயர் வந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

எங்களை அழைத்துப் போன ஆயரும் அந்த இடத்தில் தாழ்மையைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம்தான். ஆனால் சுவரை அண்ணாந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் எழுந்த அகன்ற வாசலின் மேற்கல்லும், சிலுவைப் போர்க் காலத்துக் கூர்வளைவும் இன்னும் அங்கே இருக்கின்றன. குதிரையோடும் வண்டியோடும் யாரும் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று பின்னாளில் கல் வைத்து அடைத்துச் சுருக்கிவிட்டார்களாம். காவலுக்காகச் செய்ததற்குத் தாழ்மை என்ற பொருள் அப்புறம் வந்து சேர்ந்திருக்கிறது. உடம்பு குனிந்தால் மனமும் குனிந்துவிடும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க, இந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது.

ஏனென்றால் வாசலைத் தாண்டியதும் குகைக்கு இறங்கும் வரிசையில் ஒரே தள்ளுமுள்ளு. படிகள் குறுகலானவை, தேய்ந்தவை. எங்கள் குழுவில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. அவருக்கு முன்னால் போன அக்கா சட்டென்று திரும்பி, பாட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினார். "இடது காலை வைங்க பாட்டி... இப்போ வலது..." பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பீடத்தின் அடியில் 14 முனை கொண்ட வெள்ளி நட்சத்திரம் பதித்திருக்கிறது. அதைத் தொட மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்ட வேண்டும். பாட்டி தொட்டு முத்தமிட்டு எழும்வரை அக்கா அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் அடுத்த குழு வந்து நெருக்கிவிட்டது.

"நீ தொட்டியாம்மா?"

"நீங்க தொட்டீங்கல்ல பாட்டி, வாங்க."

அந்த ஆலயத்தைக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், அர்மீனியர், கத்தோலிக்கர் என்று மூன்று சபையார் பகிர்ந்துகொள்கிறார்கள். யார் எந்த மூலையைப் பெருக்குவது என்பதுவரை பழைய வழக்கம் உண்டு. 2011 டிசம்பரில் பெருக்க வந்த கிரேக்க, அர்மீனியத் துறவிகள் அந்த எல்லைத் தகராறில் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து விலக்க வேண்டியதாயிற்று. தினமும் அந்த வாசலில் குனிகிறவர்கள்! சிரிப்பு வந்தது. சொந்த ஊர்ச் சபைத் தேர்தல் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதே ஊரில் வேறுவிதமாகக் குனிந்தவர்களும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியின் செல்வக் குடும்பத்திலிருந்து வந்த பவுலா அம்மையார் இங்கே பயணிகளுக்கு விடுதி கட்டினார். மரியாளுக்கும் யோசேப்புக்கும் கிடைக்காத இடம் மற்றவர்களுக்காவது கிடைக்கட்டும் என்பதுதான் எண்ணம். 1952 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, இந்த ஆலயத்துக்கு ஆராதனைக்காகப் போய்க்கொண்டிருந்தார் சுவிஸ் பாதிரியார் எர்ன்ஸ்ட் ஷ்னிட்ரிக். வழியில் அகதிகள் முகாமில் ஒரு தகப்பன், இறந்துபோன தன் பிள்ளையைச் சேற்றில் புதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். 'ஐயோ பாவம்' என்று ஜெபித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவரோ சிலரைச் சேர்த்துக்கொண்டு வாடகை இடத்தில் குழந்தைகளுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுதான் இன்று கரித்தாஸ் குழந்தைகள் மருத்துவமனை. சாதி சனம், மதம் எதுவும் கேட்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை.

எங்கள் பயண நிரலில் அந்த மருத்துவமனை இல்லை. ஒலிவ மரச் சிற்பக் கடைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த குழுவுக்காவது அதில் பாதியை இங்கே கொடுக்கலாமே என்று ஆயரிடம் கேட்டேன். "கூட்டமாகப் போய் நின்றால் நோயாளிக் குழந்தைகளுக்குத் தொந்தரவு. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நாலைந்து பேர் போய்க் காணிக்கையைக் கொடுத்துவிட்டு வரலாம்" என்றார். சரி, கடிதத்தை நானே எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன்.