புரதம் எங்கே நிற்கிறது?

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை லீக்ஸ் வேர்நுனியைச் சாயத்தில் போட்டு, நசுக்கி, நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். ஒரு கலத்தில் நிறமூர்த்தங்கள் தடித்து நூல்நூலாகக் கிடக்க, அதை ஒட்டியிருந்த கலத்தில் கரு வட்டமாக, பேசாமல் இருந்தது. "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தானே சேர் இருக்கு, இது மட்டும் ஏன் பிரியுது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். சைக்கிளின் என்ற புரதம் கூடினால் கலம் பிரியும் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது அரைப் பதிலாகவே பட்டது.

சைக்கிளினை 1982இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்டார், 2001இல் நோபல் பரிசும் வந்தது. பிரிவுக்கு முன் கூடி, பிரியும்போது அழிந்துபோகும் புரதம் அது. அளவு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1991இல் ஜோனத்தன் பைன்ஸ், டோனி ஹன்டர் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் மனிதக் கலங்களில் காட்டியது வேறு விஷயம்: சைக்கிளின் பி1 என்ற வகை சேர்ந்துகொண்டே வந்தாலும், பிரிவு தொடங்கும் வரை கருவுக்கு வெளியே குழியவுருவில்தான் நிற்கிறது. உண்மையில் அது கருவுக்குள் போய்ப் போய்த்தான் வருகிறது, உள்ளே வரும் வேகத்தைவிட வெளியே தள்ளும் வேகம் அதிகம், அவ்வளவுதான். நேரம் வந்ததும் அதில் பொசுபேற்று ஒட்ட, தள்ளுவது குறைந்து உள்ளே குவிகிறது, கொஞ்ச நேரத்தில் கருவின் உறையே உடைகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை: காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்த ஆள் லய வீட்டிலேயே இருந்தால் கொழுந்து வராது, மலையில் தேயிலை நிரைக்குள் இறங்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது பாணுக்குப் போடும் மதுவம். அது பிரியும்போது தாய்க்கலத்தில் ஒரு சின்ன அரும்பு முளைக்கும், இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய கழுத்து இருக்கும், அரும்புதான் புதுக் கலமாகும். அதில் பிரிவை முடித்துவைக்கும் நொதியம் சிடிசி14. கலவட்டம் முழுவதும் அதன் அளவு மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது. கருவுக்குள் இருக்கும் சின்ன உருண்டையான புன்கருவுக்குள் நெட்1 என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று 1999இல் ஏஞ்சலிக்கா அமோனின் குழு காட்டியது. சரி, முழுதாக எப்போது அவிழ்த்துவிடுவது? நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் கதிரின் ஒரு முனை கழுத்தைத் தாண்டி அரும்புக்குள் போன பிறகுதான். அந்த முனையில், அவிழ்க்கும் வேலையைத் தொடக்கிவைக்கும் டெம்1 என்ற புரதம் ஒட்டியிருக்கிறது. தாய்க்கலத்தில் அதைத் தடுக்க கின்4, அரும்பில் அதைத் தூண்ட எல்டிஇ1. முனை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கலம் இப்படித்தான் அறிகிறது, முனை அரும்புக்குள் போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கலத்துக்குக் கருவே கிடைக்காதே!

அடுத்த வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்கு இதைத்தான் முதலில் வரையப்போகிறேன்: ஒரு பெரிய வட்டம், ஒட்டினாற்போல் சின்ன வட்டம், நடுக் கழுத்தைத் தாண்டிப் போகும் ஒரு கோடு.